பூட்டுக்கு வெளியே ஒரு பெஞ்சு

யாரும் உள்ள போகலை, யாரும் வெளிய வரலை. மணி ஒண்ணு இருபது. கதவு சாத்தியிருக்கு, பூட்டு தொங்குது, பூட்டைச் சுத்தித் துணி கட்டி மூணு இடத்துல அரக்கு உருக்கி ஊத்தி முத்திரை வச்சிருக்காங்க, அதுக்கும் மேல ஒரு தாளை ஒட்டி நாலஞ்சு பேர்கிட்ட கையெழுத்து வாங்கியிருக்காங்க, அதுல கடைசிக் கையெழுத்து என்னோடது, தவமணி, வால் கொஞ்சம் நீளமாப் போயிடுச்சு. கதவுக்கு மேல 'பத்தாம் வகுப்பு ஆ பிரிவு'ன்னு பலகை. ஜன்னலுக்கெல்லாம் பிளைவுட் அடிச்சாச்சு. உள்ள எங்க ஊரு ஓட்டுப்பெட்டியும் சுத்துப்பட்டு ஊருங்களோட பெட்டியும் இருக்கு. நாளைக்குக் காலைல எட்டு மணிக்குத் தொறந்து எண்ணுவாங்க. அதுவரைக்கும் எலெக்‌ஷன்ல நிக்கிறவங்க சார்புல ஆளுக்கு ஒருத்தர் வெளிய பெஞ்சு போட்டு உக்காந்து கதவைப் பாத்துக்கிட்டு இருக்கலாமாம். எங்க அக்கா, கூடப் பொறந்த அக்கா இல்லை, என் வீட்டுக்காரரோட அண்ணன் சம்சாரம், அஞ்சுகம், அதுதான் மூணாவது வார்டு மெம்பருக்கு நிக்குது, சின்னம் சீப்பு. அதுக்காகப் பகல்ல நான். எதுத்து நிக்கிற மரகதத்துக்கு சின்னம் பூட்டு சாவி, அதுக்காக அதோட கொழுந்தன் பக்கிரிசாமி அண்ணன் இந்தாண்ட பெஞ்சுல துண்டை மூஞ்சியில போட்டுக்கிட்டுப் படுத்திருக்காரு. ரெண்டு பேரையும் பாத்துக்க ஒரு போலீஸ் பொண்ணு, சின்ன வயசு, கொட்டாவி விட்டுக்கிட்டே இருக்கு. போனை வாங்கி வச்சுக்கிச்சு. புஸ்தகத்தை மட்டும் ஒவ்வொரு பக்கமா உதறிப் பாத்துட்டு, "என்னக்கா இது, கொலைக் கதையா?"ன்னு சிரிச்சுக்கிட்டே குடுத்துடுச்சு.

கொலைக் கதைதான். அதுலயும் பூட்டின அறைக்குள்ள நடக்குற கொலை, அதுலயும் ராஜா காலத்துக் கொலை. நூலகத்துல போயி இந்த ரெண்டும் சேந்தாப்ல இருக்கான்னுதான் கேப்பேன், அந்தம்மா இப்பல்லாம் என்னைப் பாத்தாலே, "வாங்க, உங்களுக்கு ஒரு பொணம் வந்திருக்கு"ங்கும். இந்தக் கதைல ஒரு பாளையக்காரரோட அரண்மனை. அரண்மனை வைத்தியர் மத்தியானம் மருந்து அறைக்குள்ள போயி உள்தாழ்ப்பாள் போட்டுக்கிறாரு. பொழுது சாயுற நேரத்துல கதவை உடைக்கிறாங்க, ஆளு தரையில செத்துக் கெடக்குறாரு. ஜன்னல் கெடையாது. காத்துக்குன்னு மேல ஒரு ஓட்டை, அதுல பூனைகூட நுழைய முடியாது. வாசல்ல பூரா நேரமும் உக்காந்திருந்தவ செங்கமலம்னு ஒரு பணிப்பெண். அவளும் இதையேதான் சொல்றா, யாரும் உள்ள போகலை, யாரும் வெளிய வரலை. நூத்தி நாப்பதாவது பக்கத்துல நிக்கிறேன், காலைலேருந்து அதே பக்கந்தான். ராஜா காலம்னா எனக்கு ஏன் இவ்வளவு இஷ்டம்னு நானே யோசிச்சுப் பாத்திருக்கேன். கிரீடம் வாளு குதிரைக்கெல்லாம் இல்லை, அதெல்லாம் எனக்கு எதுக்கு. அப்ப கேமரா கெடையாது, போன் கெடையாது, செத்தவன் கடைசியா யார்கிட்ட பேசுனான்னு நம்பரைத் தட்டிப் பாக்க முடியாது. கண்ணு, காது, மூக்கு, அவ்வளவுதான். தரையில சிந்துன எண்ணெய், கதவுக் கீல்ல ஒட்டுன மெழுகு, ஒரு நூலு, ஒரு ஊசி. எப்பேர்ப்பட்ட மர்மத்தையும் கடைசியில அவுக்குற சாமான் எல்லாம் நம்ம அடுப்பாங்கரை மாடத்துல கெடக்குற சாமான்தான். படிச்சு முடிச்சதும், அடச்சே, இதை நானே கண்டுபிடிச்சிருப்பேனேன்னு தோணும். அந்தத் தோணலுக்காகத்தான் அடுத்த புஸ்தகம்.

இன்னொண்ணும் இருக்கு, சொன்னா வெக்கக்கேடு. எனக்குச் செத்தவன் மேலதான் பொறாமை. கொன்னவனைப் பத்தியோ கண்டுபிடிக்கிறவனைப் பத்தியோ அப்புறம் யோசிப்பேன், முதல்ல தோணுறது, அடேயப்பா, இவருக்குன்னு ஒரு ரூமு இருந்திருக்கு, உள்ள போயி தாழ்ப்பாள் போட்டிருக்காரு, சாயங்காலம் வரைக்கும் ஒருத்தரும் கதவைத் தட்டலை. எங்க வீட்டுல பதினோரு பேரு, ரெண்டு ரூமு. கதவு இருக்கு, தாழ்ப்பாள் மட்டும் கெடையாது. ஒரு கதவுல தாழ்ப்பாள் துருப்பிடிச்சு ஆணியோட கழண்டு போச்சு, இன்னொரு கதவுல எப்பவுமே இருந்ததில்லை, குளிக்கிற ரூமுக்குக் கயிறு, கயித்தை ஆணியில சுத்தி ஒரு கையால புடிச்சுக்கிட்டே இன்னொரு கையால சோப்பு போடணும், அதுக்குள்ள யாராவது, "உள்ள யாரு?"ன்னு கேப்பாங்க. உள்ள யாருன்னா என்னத்தைச் சொல்றது, இந்த வீட்டுல ஏழு பொம்பளைங்க, நான் நாலாவது. கல்யாணமாகிப் பத்தொம்பது வருஷம் ஆச்சு, நான் மட்டும் இருந்த இடம்னு எண்ணிப் பாத்தா ஒரு தடவை ஸ்கேன் எடுக்குற ரூமு, அங்கயும் கம்பவுண்டர் இருந்தாரு. அப்புறம் முந்தாநேத்து ஓட்டு போடப் போன அந்த அட்டை மறைப்பு. மூணு பக்கம் அட்டை, மேஜை மேல மை டப்பா, ஒரு அச்சு. ஒருத்தரும் எட்டிப் பாக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. அதை இப்ப யோசிக்க வேணாம். புஸ்தகத்தை எடு தவமணி, நூத்தி நாப்பத்தி ஒண்ணு. 'அறை முழுதும் சுக்கின் வாசனை பரவியிருந்தது.' சுக்கு வாசனை. காலைல மூக்கு ஒழுகுதுன்னு அக்காவுக்குச் சுக்குத் தண்ணி வச்சுக் குடுத்தேன், சூடு பதமா ஆத்தி, டம்ளரைத் துடைச்சு. முன்னல்லாம் நான் அப்படியா துடைச்சேன்?

எலி ஓடுச்சு. அந்தக் கதவுக்கு அடியில ஒரு விரக்கடை சந்து இருக்கு, எலி உள்ள போயிடுச்சு, இதுக்கு எந்தப் பத்திரத்துல கையெழுத்து போடணும்னு தெரியலை. சரி, நான்தான் இந்த மாதிரிக் கதை நூறு படிச்சவளாச்சே, எனக்கே ஒரு வேலை குடுத்துக்கிட்டேன், இந்தப் பத்தாம் வகுப்பு ஆ பிரிவுக்குள்ள அரக்கு உடையாம எப்படிப் போறது? கூரை ஓட்டைப் பிரிச்சு இறங்கலாம், ஆனா இது காங்கிரீட்டு. பிளைவுட்டு ஆணியைக் கழட்டி மறுபடி அதே ஓட்டையில அடிக்கலாம், ஆனா அந்தப் பக்கம் கேமரா. அரக்கை நூலால அறுத்து எடுத்துட்டு அப்புறம் சூடு காட்டி ஒட்டலாம், ராஜா காலத்துல ஓலைச் சுருளை அப்படித்தான் பிரிச்சிருக்காங்கன்னு ஒரு கதைல வந்துச்சு. போலீஸ் பொண்ணைப் பாத்தேன், அதுகூடக் கூட்டாளியா இருக்கலாம். கொட்டாவி விடுறவங்களை நம்பவே கூடாது. "என்னம்மா அப்படி மொறைச்சுப் பாக்குற? பூட்டு ஓடிடுமா?" துண்டுக்குள்ளேருந்து பக்கிரிசாமி அண்ணன். "ஓடினா உங்க சின்னந்தான ஓடும்ணே"ன்னேன். சிரிச்சாரு, வயிறு குலுங்குச்சு. "எங்களுக்குப் பயம் இல்லம்மா. மரகதம் ரெண்டு ஓட்டுல தோக்கும்னு எங்க ஆளுங்களே கணக்கு சொல்லிட்டாங்க. நான் சும்மா தூங்கலாமேன்னு வந்தேன்." மறுபடி துண்டு. ரெண்டு ஓட்டுல. எங்க மூத்தவரும், அக்காவோட வீட்டுக்காரரு, அதைத்தான் சொல்றாரு. அவரு சுவத்துல ஓட்டர் லிஸ்ட்டை ஒட்டி வச்சு வீடு வீடா டிக் அடிச்சவரு, வார்டுல விழுந்தது இருநூத்தி எழுபத்தாறு ஓட்டு, நமக்கு நூத்தி முப்பத்தொம்பது, அவங்களுக்கு நூத்தி முப்பத்தேழு, ஒண்ணு மாறாது, என் தலையை வெட்டிக்கிறேன்னாரு. இந்தக் கதைங்கள்ல ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், கதவை உடைக்கும்போது எல்லாரும் உள்ள என்னன்னு முண்டியடிச்சுப் பாப்பாங்க, துப்பு துலக்குறவன் மட்டும் உள்ள பாக்க மாட்டான், வெளிய நிக்கிறவங்க மூஞ்சியைப் பாப்பான். நாளைக்கு எட்டு மணிக்கு என் மூஞ்சி எப்படி இருக்கும்? கழுவிட்டு வரணும், பவுடர் போடணும். பவுடர் போட்டா வேர்வைல திட்டுத் திட்டாத் தெரியும்.

யோசிச்ச வழி எல்லாம் ஒண்ணும் தேறலை. ஒரு வழியை மட்டும் நான் யோசிக்காம ஓரமா ஒதுக்கி வச்சிருக்கேன், வச்சிருக்கேன்னு எனக்குத் தெரியும். பூட்டின அறைக் கதை நெறையப் படிச்சவங்களுக்கு அது அத்துப்படி, யாரும் உள்ள போகலை, யாரும் வெளிய வரலைன்னா என்ன அர்த்தம், பூட்டுறதுக்கு முன்னாடியே காரியம் முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம். வைத்தியர் தாழ்ப்பாள் போடும்போதே அவரு வயித்துல வெஷம் இருந்திருக்கும். அதுக்கப்புறம் எத்தனை பூட்டு போட்டு எத்தனை பேரு காவல் உக்காந்தா என்ன? முந்தாநேத்து பத்தரை மணி. நாலு கலர்ல நாலு சீட்டு குடுத்தாங்க, வார்டு மெம்பருக்கு வெள்ளை. அட்டைக்குள்ள போனேன். வெளிய அவ்வளவு சத்தம், உள்ள சத்தமே இல்லாத மாதிரி இருந்துச்சு. ரோஸ், பச்சை, மஞ்சள் எல்லாம் வீட்டுல சொன்னபடி குத்தினேன். வெள்ளையை விரிச்சேன். மேல சீப்பு, அஞ்சுகம். கீழ பூட்டு சாவி, மரகதம். அச்சை மையில ஒத்தினேன். என் கை பூட்டு மேல போயி இறங்குச்சு. குத்திட்டு ஊதினேன், நல்லாக் காயட்டும்னு ஊதினேன், அப்புறம் மடிச்சேன். வெளிய வந்து பெட்டியில போட்டுட்டு வரிசையில நின்ன அக்காவைப் பாத்துச் சிரிச்சேன். ரெண்டு நாளா எனக்கு நானே சொல்லிக்கிறேன், பூட்டுப் படத்தைப் பாத்ததும் கை தானாப் போயிடுச்சு, எத்தனை வருஷமாப் பூட்டின அறைக் கதையாப் படிக்கிறவ, அதான் பூட்டைக் கண்டதும் போயிடுச்சுன்னு. ஆஹா, என்ன ஒரு சாக்கு. செங்கமலம்கூட இதைவிட நல்லாப் பொய் சொல்லுவா.

பொறாமை. வேற பேரு எதுக்கு. பத்து வருஷமா எங்க தெருவுக்கு மனு எழுதுறவ நான். தெருவிளக்குக்கு எழுதினேன், சாக்கடைக்கு எழுதினேன், ரேஷன் கடையில எடை குறையுதுன்னு பதினேழு பேர்கிட்ட கைநாட்டு வாங்கி எழுதினேன். "தவமணி எழுதினா அசையும்"னு சொல்லுவாங்க. மூணாவது வார்டு பொம்பளைங்களுக்குன்னு ஆனதும் தெருவுல மூணு பேரு என்னைப் பாத்துக் கண்ணடிச்சாங்க. நான் ஒண்ணும் தெரியாத மாதிரி நடந்தேன், உள்ளுக்குள்ள குதிச்சேன். அன்னிக்குச் சாயங்காலம் கூடத்துல எல்லாரும் உக்காந்தாங்க, மாமனாரு, மூத்தவரு, எங்க வீட்டுக்காரரு, அக்கா. நான் காபி போடப் போனேன். ஒன்பது டம்ளர். பாலு பொங்க நின்னேன், சக்கரை தேடினேன், அந்த நேரத்துக்குள்ள உள்ள பேசி முடிச்சுட்டாங்க. தட்டோட வந்து நின்னா மாமனாரு, "மூத்தவ இருக்கும்போது என்ன, அஞ்சுகமே நிக்கட்டும்"னாரு. ஒருத்தரும் என் பக்கம் திரும்பலை. எங்க வீட்டுக்காரரு காபியை ஊதிக்கிட்டு இருந்தாரு. அக்கா தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருந்துச்சு, சந்தோசம்னு நெனைச்சேன், வெக்கப்படுதுன்னு நெனைச்சேன். வேட்புமனுவை யாரு எழுதினது? நான்தான். அக்கா எழுத்துக் கூட்டித்தான் படிக்கும், கையெழுத்து மட்டும் போடும். அஞ்சுகம், கணவர் பெயர், வயசு, கல்வித் தகுதி, எல்லாம் என் கையெழுத்து. எழுதும்போது ஒரு இடத்துல பெயர்ங்கிற கட்டத்துல 'த' போட்டுட்டேன். அடிச்சு எழுதக் கூடாதுன்னு வேற பாரம் வாங்கினோம்.

ஆக நூத்தி முப்பத்தொம்பதுல ஒண்ணு போச்சு, நூத்தி முப்பத்தெட்டு. அந்த ஒண்ணு அங்க சேந்துச்சு, அங்கயும் நூத்தி முப்பத்தெட்டு. சமம். சமமா வந்தா சீட்டுக் குலுக்குவாங்களாம். குலுக்கிப் போட்டு எடுக்குற சீட்டுல மரகதம் பேரு வந்துச்சுன்னு வை, எங்க வீட்டு ஆளுங்க அன்னிக்கே கூடத்துல உக்காந்து பிரேதப் பரிசோதனை ஆரம்பிச்சுடுவாங்க. எந்த வீட்டு ஓட்டு மாறுச்சு? மேலத்தெருவா? தறிக்காரங்களா? மூத்தவரு ஒவ்வொரு டிக்கா அழிச்சுக்கிட்டே வருவாரு, ஒவ்வொருத்தரும் கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணுவாங்க, கடைசியில எங்க வீட்டு டிக்குதான் பாக்கி நிக்கும், அதை யாரும் தொட மாட்டாங்க. பாவம் யாரையாவது சந்தேகப்பட்டுப் பேச்சு வார்த்தை முறிஞ்சுடும், அதைப் பாத்துக்கிட்டு நான் காபி ஊத்திக்கிட்டு இருப்பேன். முந்தாநேத்து சாயங்காலத்துலேருந்து அக்கா புடவையையும் நானே தோய்க்கிறேன். மீன் குழம்பு வச்சு நடுத்துண்டை எடுத்து அக்கா தட்டுல வச்சேன். தலைக்கு எண்ணெய் தேச்சு விட்டேன். "என்னடி, நான் ஜெயிக்கிறதுக்கு முன்னாடியே மெம்பரம்மா ஆக்கிட்ட"ன்னு அக்கா சிரிச்சுச்சு. அந்தச் சிரிப்பைப் பாக்க முடியலை. இங்க பகல் காவலுக்கு யாரு போறதுன்னு பேச்சு வந்தப்போ வேற யாருன்னாலும் வேணாம்னு அக்காதான் சொல்லுச்சு. "தவமணி போகட்டும். அவ உக்காந்திருந்தா எனக்கு நிம்மதி." நிம்மதியாம். மூணு அரக்கு முத்திரைக்கு முன்னாடி என்னை உக்கார வச்சிருக்கு.

மூணு மணிக்கு அக்கா வந்துச்சு. தூரத்துலயே தெரியும், இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கும், கையில தூக்குச்சட்டி. பிரசாரத்துக்குன்னு எடுத்த அந்த மஞ்சப் புடவைதான், நான் நேத்து தோய்ச்சுக் காயப்போட்டது. போலீஸ் பொண்ணு தூக்குச்சட்டியைத் தொறந்து பாத்துச்சு, புளிச்சோறு, அப்பளம், அக்கா ஒரு அப்பளத்தை எடுத்து அது கையில வச்சு, "சாப்புடு கண்ணு, வெயில்ல நிக்கிற"ன்னுச்சு. வேட்பாளருங்கிறதால பெஞ்சுல உக்கார விட்டுட்டாங்க. கதவைக் கொஞ்ச நேரம் பாத்துச்சு. "இதுக்குள்ளயா இருக்கு?" "ம், ஒரு எலியும் இருக்கு." "ஒத்தை எலிக்குக் காவலா இவ்வளவு பேரு"ன்னுச்சு. அப்புறம் எப்பவும் போல, "சரி, உன் கதை எதுல நிக்குது, யாரு செத்தா?" நான் படிக்கிற கதையெல்லாம் அக்காவுக்கு அத்துப்படி, ராவுல முருங்கைக்கீரை உருவும்போதும் துணி மடிக்கும்போதும் நான் சொல்லுவேன், அக்கா கேக்கும், பாதியிலயே கொன்னவன் யாருன்னு சொல்லிடும். எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கேன், நீ எங்கயாச்சும் கடைசிப் பக்கத்தை எழுத்துக் கூட்டிப் படிச்சிருப்பன்னு. இப்ப சொன்னேன், வைத்தியர், மருந்து அறை, உள்தாழ்ப்பாள், பூனைகூடப் போகாத ஓட்டை, வாசல்ல செங்கமலம். அக்கா அப்பளத்தை நொறுக்கிக்கிட்டே கேட்டுச்சு. "அந்த செங்கமலம் அப்புறம் என்ன பண்றா?" "பாவம்க்கா அவ, வைத்தியர் பொஞ்சாதிக்கு விழுந்து விழுந்து பணிவிடை செய்றா. கஞ்சி வச்சுக் குடுக்குறா, கால் அமுக்கி விடுறா." "முன்னாடியும் செஞ்சாளா?" நான் யோசிச்சேன். நூத்தி நாப்பது பக்கத்தையும் மனசுக்குள்ள பொரட்டினேன். முன்னாடி ஒரு இடத்துலயும் செய்யலை. "அப்ப அவதான்"னு அக்கா விரலை நக்கிக்கிட்டே சொல்லுச்சு. "ரொம்ப நல்லவளா ஆயிடுறா பாரு, அவதான். எல்லாக் கதையிலயும் அவதான்."

தண்ணி குடிச்சேன். கதவைப் பாத்தேன், அரக்கைப் பாத்தேன், என் கையெழுத்தோட நீள வாலைப் பாத்தேன். அக்கா பக்கிரிசாமி அண்ணனைத் திரும்பிப் பாத்துச்சு, குறட்டை வருது. என் காதுகிட்ட குனிஞ்சு, "ஒண்ணு சொல்றேன், செத்தாலும் யார்கிட்டயும் சொல்லாத"ன்னுச்சு. "நான் எனக்குப் போட்டுக்கலடி." எனக்குப் புரியலை. "என்னக்கா சொல்ற?" "அட்டைக்குள்ள போயி அந்த வெள்ளைச் சீட்டை விரிச்சு வச்சுக்கிட்டுப் பாத்தேன். என் பேரு இருக்கு, மரகதம் பேரு இருக்கு. எனக்கு நானே குத்திக்கக் கை வரலை. பரிமாறுறவ முதல்ல தன் எலையில போட்டுக்கிற மாதிரி இருந்துச்சு. அதுவும் இது என் எலைகூட இல்ல. அன்னிக்கு நீ காபி போடப் போனப்போ நான் சொன்னேன், எனக்கு எழுதப் படிக்க வராது, அதிகாரிங்க முன்னாடி வாய் வராது, தவமணி நிக்கட்டும், அவதான எல்லாம் எழுதுறான்னு சொன்னேன். யாரு கேட்டா. மூத்தவ இருக்கும்போதுன்னு மாமனாரு ஒரே போடா போட்டாரு. நீ தட்டோட வந்துட்ட. உன் மூஞ்சியைப் பாக்க எனக்குத் தெம்பில்ல." அக்கா முந்தானையால வாயைத் தொடைச்சுக்கிச்சு. "சீட்டுல கீழ வெத்து எடம் இருந்துச்சு. உன் பேரு இருக்க வேண்டிய எடம். அங்க குத்திட்டு வந்துட்டேன். செல்லாதுன்னு தெரியும். ரெண்டு ஓட்டு கூட இருக்குன்னாரே உங்க மூத்தவரு, ஒண்ணு போனா பரவாயில்லன்னு நெனைச்சேன்."

நூத்தி முப்பத்தொம்பதுல ரெண்டு போச்சு. நூத்தி முப்பத்தேழு. அங்க நூத்தி முப்பத்தெட்டு. குலுக்கல்கூடக் கெடையாது. ஒத்தை ஓட்டுல தோல்வி. இருநூத்தி எழுபத்தாறு பேரு ஓட்டு போட்டு, மேலத்தெருவும் தறிக்காரங்களும் சொன்ன சொல்லு மாறாம போட்டு, கவுத்தது எங்க வீட்டுப் பொம்பளைங்க ரெண்டு பேரு, ஒரே அட்டை மறைப்பு, ஒரே மை டப்பா, ஒரே அச்சு. எத்தனை கதை படிச்சேன், ஒரு அறைக்குள்ள ரெண்டு பேரு ஒருத்தருக்கொருத்தர் தெரியாம காரியம் பண்ணியிருப்பாங்கன்னு எனக்குத் தோணவே இல்லையே. அந்த மறைப்புக்குள்ள எனக்கு ஒரு அஞ்சு நிமிஷம் ரூமு கெடைச்சுது, நான் அதுல இதைப் பண்ணினேன். அக்காவுக்கும் அதே அஞ்சு நிமிஷந்தான் கெடைச்சுது. அக்கா அதுல என் பேரைத் தேடியிருக்கு. "அக்கா"ன்னேன். "அக்கா, நான்..." அக்கா என்னைப் பாக்கலை, கதவையே பாத்துக்கிட்டு, "பூட்டு சாவியா?"ன்னுச்சு.

நான் தலையை ஆட்டினேன். தொடையில ஒரு கிள்ளு கிள்ளுச்சு பாருங்க, உசுரு போயிடுச்சு, "ஆ"ன்னு கத்திட்டேன், போலீஸ் பொண்ணு திரும்பிப் பாத்துச்சு, "எறும்பும்மா"ன்னு அக்கா சொல்லுச்சு. "எப்பக்கா தெரியும்?" "நேத்து. கொடியில என் உள்பாவாடையைக்கூட நீ அலசிக் காயப்போட்டிருந்த. பத்தொம்பது வருஷத்துல ஒரு நாளாவது போட்டிருப்பியாடி? அப்பவே வயிறு எரிஞ்சுது. நேத்து பூரா எரிஞ்சுது, இப்பவும் எரியுது, எரியலன்னு நெனைக்காத." "பின்ன ஏன் என்னைக் காவலுக்கு அனுப்பின? நிம்மதின்னியே?" அக்கா தூக்குச்சட்டி மூடியை மூடுச்சு, தொறந்துச்சு, மறுபடி மூடுச்சு. "வீட்டுல இருந்தா நீ அழுது எல்லார் முன்னாடியும் சொல்லித் தொலைச்சிருப்ப. அப்புறம் அந்த வீட்டுல உன்னால ஒரு வாய் சோறு திங்க முடியுமா? அதுவும் இல்லாம..." தூக்குச்சட்டியைக் கீழ வச்சுச்சு. "தனியா உக்காந்து படிக்க ஒரு எடம் இல்லையேன்னு சொல்லிக்கிட்டே கெடப்பியே. ஒரு பகலாவது ஒருத்தரும் கூப்பிடாம உக்காரட்டும்னு பாத்தேன். எங்க, பக்கத்தையே திருப்பாம உக்காந்திருக்க." புஸ்தகத்தை எடுத்து, அடையாளத்துக்கு நான் வச்சிருந்த வெத்தலைக் காம்பைப் பாத்துட்டு, என் மடியில வச்சுச்சு. "தோத்தா வீட்டுல என்ன சொல்றதுக்கா?" "ஒண்ணும் சொல்லாத. செல்லாத ஓட்டு ஒண்ணு இருந்துச்சுன்னு எண்ணுறவங்களே சொல்லுவாங்க. அதைப் போட்டது நான்தான்னு நான் சொல்லிக்கிறேன், தெரியாம மாத்திக் குத்திட்டேன்னு. எழுதப் படிக்கத் தெரியாதவதான, நம்புவாங்க." "அப்ப மாறிப் போன இன்னொண்ணு?" "அதை நீயும் நானும் சாவுற வரைக்கும் தேடிக்கிட்டே இருப்போம். மேலத்தெருவுல எவனோன்னு."

வேணாம்னேன். சத்தமா வந்துடுச்சு, பக்கிரிசாமி அண்ணன் துண்டை எடுத்துப் பாத்தாரு. மேலத்தெரு ஆளுங்க மேல பழி வேணாம்க்கா, உன் மேலயும் வேணாம், கூடத்துல எல்லாரும் உக்காந்ததும் நானே சொல்றேன்னேன். சொல்லிட்டேனே தவிர பயமாத்தான் இருக்கு, மாமனாரு என்ன சொல்லுவாரு, எங்க வீட்டுக்காரரு காபியை ஊதுவாரா, டம்ளரை வீசுவாரா. அக்கா காலை மடக்கிப் பெஞ்சு மேல வச்சுக்கிச்சு, வீட்டுக்குப் போற மாதிரி தெரியலை. "நாளைக்குக் காபி நான் போடுறேன், நீ கூடத்துல உக்காரு"ன்னுச்சு. அப்புறம், "படி, நானும் கேக்குறேன், அந்த செங்கமலம் கடைசியில ஒத்துக்கிறாளா இல்லையா"ன்னு முந்தானையை இழுத்துப் போத்திக்கிச்சு. நூத்தி நாப்பத்தி ஒண்ணைப் பிரிச்சேன். போலீஸ் பொண்ணு நாற்காலியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கிச்சு. சத்தமாப் படிக்கிறேன். நாளைக்கு எட்டு மணிக்கு அரக்கை உடைப்பாங்க, எல்லாரும் உள்ள என்னன்னு முண்டியடிச்சுப் பாப்பாங்க. நான் அக்கா மூஞ்சியைப் பாப்பேன்.